புற்றுக் காளானா, பச்சைத் தூள் காளானா? அடியிலிருந்து பாருங்கள்

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும் ஆரோவில் செம்மண் மேட்டிலும் மழை விட்டதும் புற்றுக் காளான் தலைகாட்டும். அதே வாரம் புல்தரையிலும் எரு கொட்டிய தோட்டத்திலும் அதே அளவில், அதே வெள்ளையில் இன்னொன்று விரியும்: பச்சைத் தூள் காளான், அதாவது குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். புற்றுக் காளான் குழம்புக்கு ஆகும். மற்றதைத் தின்றால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். வேகவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

காம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் அடிப்பகுதி மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். அடையாளத்தில் பாதி அங்கேயே போச்சு. காம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, 20 முதல் 30 செ.மீ. ஆழம் வரை மெதுவாகக் கையால் விலக்குங்கள். புற்றுக் காளானுக்கு முள்ளங்கி வால் போல மெலிந்துகொண்டே போகும் நீண்ட வேர் உண்டு. அது கறையான் தன் கூட்டுக்குள் கட்டி வைத்திருக்கும், கடற்பஞ்சு போன்ற பழுப்பு அடையில் போய் முடியும். மேலே புற்று தெரியாவிட்டாலும் அடியில் கூடு இருக்கலாம். குளோரோபில்லத்தின் காம்போ அடியில் குமிழாகச் சற்று வீங்கி, அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. புற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் முளைக்கும் 1 முதல் 2.5 செ.மீ. அகலக் குட்டிக் காளானும் (டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்ப்பஸ்) புற்றுக் காளான் குடும்பம்தான். கறையான்கள் வெளியே கொண்டுவந்து போட்ட அடைத் துணுக்குகளில் வளர்வதால் அதற்கு நீண்ட வேர் கிடையாது.

குடையின் நடுவில் கூரான முனை இருந்தால் அது புற்றுக் காளான் பக்கம் சாயும் சாட்சி. மண்ணைத் துளைத்து மேலே வர அந்த முனைதான் உதவுகிறது. வெள்ளைக் குடைமேல் பழுப்புச் செதில்கள் நடுவில் திரண்டும் ஓரத்தில் சிதறியும் இருந்தால் குளோரோபில்லத்தைச் சந்தேகியுங்கள். காம்பில் வளையம் இருக்கிறதா என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குளோரோபில்லத்தில் மேலும் கீழும் நகரும் வளையம் உண்டு. புற்றுக் காளானிலேயே டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மிக்கும் வளையம் உண்டு.

பலர் சறுக்குவது செவுளில்தான். குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருப்பதே செவுள். குளோரோபில்லத்தின் செவுள் பச்சையாகும் என்று கேள்விப்பட்டவர், வெள்ளையாக இருப்பதைப் பார்த்துத் துணிந்து பறித்துவிடுகிறார். குடை நன்றாக விரிந்த பிறகும் அது சில காலம் வெள்ளையாகவே இருக்கும். பச்சை கடைசியில்தான் ஏறும். அதனால் தூள் பதிவு எடுத்தே ஆக வேண்டும், அதாவது செவுளிலிருந்து உதிரும் வித்துத் தூளைத் தாளில் விழவைத்து நிறம் பார்க்க வேண்டும்.

முற்றிய குடையைக் காம்பு நீக்கி, செவுள் கீழே வரும்படி வைக்கவும். கீழே பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாள் இருக்கட்டும். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது. குடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடி 6 முதல் 12 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். ஐப்பசி ஈரத்தில் பறித்த குடை நீர் கோத்திருக்கும். அப்படியே வைத்தால் தூள் விழாமல் குழம்பாகக் கசியும். முதலில் துணியால் ஒற்றி எடுக்கவும். எறும்பு வராமலிருக்கத் தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் வையுங்கள்.

பச்சைத் தூள் விழுந்தால் குளோரோபில்லம். இளஞ்சிவப்பு விழுந்தால் புற்றுக் காளானாக இருக்கலாம். என்டோலோமா என்ற நச்சு இனத்துக்கும் அதே நிறம்தான். என்டோலோமாவின் செவுள் காம்பைத் தொட்டு ஒட்டியிருக்கும், புற்றுக் காளானின் செவுள் காம்பைத் தொடாமல் விலகி நிற்கும். கறையான் கூடு வரை போகும் வேரும் என்டோலோமாவுக்கு இல்லை. தூளே விழவில்லையென்றால் அடையாளம் உறுதியாகவில்லை என்றுதான் பொருள், தூக்கி எறியுங்கள்.

வைக்கோல் போரில் வரும் வைக்கோல் காளானுக்கு வேறு ஆபத்து. அதன் அடியில் பை போன்ற உறை இருக்கும். அமானிட்டா என்ற கொடிய நச்சுக் காளானுக்கும் அப்படியே இருக்கும். வைக்கோல் காளானில் வளையம் கிடையாது, செவுள் முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். அமானிட்டாவின் செவுளும் தூளும் பொதுவாக வெள்ளை. ஆனால் முட்டை போல மூடியிருக்கும் பருவத்தில் இரண்டின் செவுளும் வெள்ளைதான், வெட்டிப் பார்த்தும் பயனில்லை. மொட்டுகளைப் பறிக்கவே வேண்டாம்.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, மஞ்சள்தூள் நிறம் மாறுகிறதா, புழு தின்றிருக்கிறதா என்ற சோதனைகள் எதுவும் செல்லாது. அமானிட்டாவின் கொடிய நஞ்சு பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே வேலையைக் காட்டும். நடுவில் உடம்பு தேறியது போல இருக்கும். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். எனவே வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் உட்காராமல், பாண்டிச்சேரி ஜிப்மரோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போங்கள். சமைப்பதற்கு முன் அடியோடு ஒரு முழுக் காளானை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால், போகும்போது அதையும் கொண்டுபோகலாம். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து அழுகிவிடும், யாராலும் இனம் சொல்ல முடியாது.