இரண்டு கன்வர்ட்டரையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள்

போன மாதம் ஒரு பையன் இழுவை லாரியில் ஒரு வெள்ளை மஸ்டா ஆர்எக்ஸ்-7 கொண்டுவந்து இறக்கினான். எஃப்டி ரகம், ட்ராக்கில் மட்டும் ஓடும் வண்டி. டிக்கியைத் திறந்து காட்டினான்: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர்களுக்குப் பதிலாக மாட்ட பளபளவென்று இரண்டு ஸ்டெயின்லெஸ் குழாய்கள், பக்கத்தில் பிரிக்காத பெட்டியில் ஒரு எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர். டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட்.

"அண்ணே, ரெண்டு கன்வர்ட்டரையும் தூக்கிட்டு இதை மாட்டிருங்க. ஞாயித்துக்கிழமை செப்பாங்ல ட்ராக் டே."

அன்று வியாழக்கிழமை.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடங்களுக்கு முன்னால் இதே குழாய்களோடும் இதே அவசரத்தோடும் நின்றவன் நான். பெட்டிக்குள் இருந்த சாமான் மட்டும்தான் வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சூடான குழாயில் கை வைக்காதே, ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் ஸ்பானரையே தொடக்கூடாது.

சாலை வண்டியில் கழற்றுவது

வேண்டாம். அமெரிக்காவில் மத்தியச் சட்டமே தடுக்கிறது. பிரிட்டனில், கன்வர்ட்டரோடு வந்த வண்டியில் அது இல்லையென்றால் எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வாகனச் சோதனையில் தேறாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் ட்ராக் வண்டிக்கு மட்டும்.

வேஸ்ட்கேட்டை மறந்துவிட்டுக் குழாயை மட்டும் மாற்றுவது

என் எரிச்சல் முழுக்க இதில்தான்.

இந்த வண்டியில் கன்வர்ட்டர் இரண்டு. டர்போவை ஒட்டிய டவுன்பைப்பில் சின்னது ஒன்று, அதற்குப் பின்னால் வண்டிக்கடியில் பெரியது ஒன்று. சின்னதை எடுத்துவிட்டு வெறும் டவுன்பைப் போடுவது எஃப்டி வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் செய்வது. அது எஞ்சினை ஒட்டியே உட்கார்ந்து கொதிக்கும், பானெட்டுக்குள் இருக்கும் ரப்பர் ஹோஸையெல்லாம் வறுத்துவிடும். சரி, அதில் நியாயம் இருக்கிறது. கூடவே பெரியதையும் எடுத்து நேர்க்குழாய் போடும்போதுதான் வம்பு ஆரம்பம்.

வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே வந்தால் வழிந்தோட ஓரத்தில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். பழைய மோட்டாருக்கு அது போதும். மோட்டாரைப் பெரிதாக்கிவிட்டு வழியும் குழாயை அப்படியே விட்டால் தொட்டி விளிம்பைத் தாண்டித்தான் கொட்டும். டர்போவில் வழியும் குழாய் வேஸ்ட்கேட். பூஸ்ட் அளவுக்கு வந்ததும் அது திறந்து, மிச்சப் புகையை டர்பைன் (புகை சுழற்றும் டர்போவின் சக்கரம்) பக்கம் போகவிடாமல் வெளியே தள்ளும். கன்வர்ட்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு இருந்தவரை மஸ்டா வைத்த ஓட்டை போதுமானதாக இருந்தது. இரண்டையும் எடுத்ததும் டர்பைனுக்குப் பின்னால் தடையே இல்லை, புகை சீறிக்கொண்டு போகிறது, டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்துகிடக்கும், ஆனாலும் ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போகும். இதற்குத்தான் பூஸ்ட் கிரீப் என்று பெயர்.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி அளவு சுமார் 10 பிஎஸ்ஐ. குழாய்கள் மாட்டிய மறுநாள், வெயிலில் ஓட்டியபோது 11 காட்டியது. பரவாயில்லை என்று விட்டேன். ட்ராக்கில் மாலை மழை விட்டு, காற்று குளிர்ந்த பிறகு மறுபடி இறங்கினேன். இந்த வண்டியில் டர்போ இரண்டு; இரண்டாவது டர்போ 4,500 ஆர்பிஎம் வாக்கில் சேர்ந்துகொண்டதும் முள் 13-ஐத் தாண்டியது. சடாரென்று யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வண்டி நின்று நின்று ஓடியது. பூஸ்ட் எல்லை மீறியதால் எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பெட்ரோலை நிறுத்தியிருக்கிறது. எஞ்சினைக் காப்பாற்ற அதற்குத் தெரிந்த ஒரே வழி அது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெட்ரோல் கட்டை நிறுத்த ஒரு சாமான் வாங்கினேன். ஃப்யூயல் கட் டிஃபென்சர் என்று விற்பார்கள், கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. பிரஷர் சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜை ஓர் அளவுக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கும். அதாவது ஈ.சி.யூ.வின் கண்ணைக் கட்டிவிடும். பூஸ்ட் 14 ஆனாலும் அதற்குத் தெரியாது, அதற்கேற்றபடி பெட்ரோலும் கூட்டாது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று சொன்ன கதை.

இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் 'டிக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, தகரத்தில் கூழாங்கல் விழுந்த மாதிரி. பிட்டுக்கு வந்து நிறுத்தினால் ஐட்லிங்கில் பாதி எஞ்சின் மட்டும் துடிக்கிறது, புட்... புட்... என்று இடைவெளி விட்டு. பிரித்துப் பார்த்தால் முன் ரோட்டரில் ஒரு அபெக்ஸ் சீலின் முனையைக் காணோம். இது ரோட்டரி எஞ்சின்: பிஸ்டனுக்குப் பதில் சுழலும் முக்கோண ரோட்டர் இரண்டு, அவற்றின் முனைகளில் அடைப்பாக நிற்கும் அபெக்ஸ் சீல் ஆறு, ஒவ்வொன்றும் இரண்டே மில்லிமீட்டர் தடிமன். கலவை நேரம் தப்பி வெடிக்கும் 'நாக்கிங்' ஒன்றிரண்டு தடவை வந்தால் பிஸ்டன் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். ரோட்டரி அப்படி மன்னிக்காது. காணாமல்போன துண்டு எங்கே என்று தேடினால், அது எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும்போது டர்பைன் இறக்கையையும் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. எஞ்சினும் போச்சு, டர்போவும் போச்சு. ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டில் (பாதியாக வெட்டி அனுப்பும் பழைய வண்டி) வந்த எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டதில் ஏழு மாதச் சம்பளம் கரைந்தது. அப்போது என் தவ்கே (முதலாளி) ஒன்றுமே சொல்லவில்லை. உடைந்த சீலை மட்டும் துடைத்து என் டூல்பாக்ஸ் மூடிக்குள் டேப் போட்டு ஒட்டிவைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது பையன்கள் டிஃபென்சரோடு வருவதில்லை, பூஸ்ட் கன்ட்ரோலரோடு வருகிறார்கள். "அண்ணே, இதுல பத்துன்னு செட் பண்ணிட்டா பத்துலயே நிக்கும்ல?" நிற்காது. கன்ட்ரோலரால் வேஸ்ட்கேட்டைத் திறக்கவிடாமல் பிடித்துவைத்துப் பூஸ்டை ஏற்ற முடியும். ஏற்கெனவே முழுக்கத் திறந்துகிடக்கும் வேஸ்ட்கேட்டை இன்னும் எப்படித் திறக்கும்? ஓட்டை சின்னது. அதற்கு மருந்து கிரைண்டர்தான், பட்டன் இல்லை. இதை மாதம் ஒரு தடவையாவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செய்வதென்றால் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் டவுன்பைப் மட்டும். பெரிய கன்வர்ட்டர் அதன் இடத்திலேயே இருக்கட்டும். அப்புறம் பூஸ்ட் சொலினாய்டு (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு), கன்ட்ரோலர் எல்லாவற்றையும் விலக்கி வெறும் ஸ்பிரிங்கில் வேஸ்ட்கேட்டை விட்டு, நான்காவது கியரில் மேலே வரை இழுத்துப் பாருங்கள். இரண்டாவது கியர் வேண்டாம், கிரீப் வருவதற்குள் கியர் முடிந்துவிடும். முள் 7, 8-லேயே நின்றால் சரி. ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறினால் காலை எடுங்கள், அதற்கு மேல் ஒரு குழாயையும் தொடாதீர்கள். பெரியதையும் எடுத்தே தீருவேன் என்றால் முதலில் டர்போவை இறக்கி வேஸ்ட்கேட் வாயைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய மூடி போட்டு, ஈ.சி.யூ.வையும் டியூன் செய்துவிட்டு வாருங்கள். பரிசோதனையை மத்தியான வெயிலில் முடித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். குளிர்ந்த காற்றில்தான் கிரீப் முழு முகத்தைக் காட்டும்.

கம்பெனி ஆக்சிஜன் சென்சாரை நம்புவது

அது நேரோபேண்ட். கலவை சரியாக இருக்கும் புள்ளியைத் தாண்டினால் ரிச், லீன் என்று சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது. பூஸ்டில் தெரிய வேண்டியது அந்த 'எவ்வளவு'தான். அதைச் சொல்லும் வைட்பேண்ட் சென்சார் மாட்டாமல் பூஸ்டை ஏற்றாதீர்கள்.

ஏர் பம்பைப் பாதியில் விடுவது

பெரிய கன்வர்ட்டர் போனதும் அதற்குக் காற்று ஊதிய பம்புக்கு வேலை இல்லை. அதையும் கழற்றிவிட்டு பெல்ட்டை அப்படியே இழுத்து மாட்டுவார்கள். வாட்டர் பம்ப் புல்லியில் பெல்ட்டின் சுற்று குறைந்து வழுக்க ஆரம்பிக்கும். சூடு ஏறினால் ரோட்டரி எஞ்சின் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் இருந்த இடத்தில் பெல்ட்டைத் தாங்க மட்டும் சுற்றும் ஒரு ஐட்லர் புல்லி போடுங்கள்.

துருப்பிடித்த ஸ்டட் போல்ட்டோடு மல்லுக்கட்டுவது

முந்தின ராத்திரியே எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள்.

கன்வர்ட்டரைக் கம்பியால் குத்தி உள்ளே காலி செய்வது

கூடாது. அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது, உள்ளே மிச்சம் நிற்கும் துண்டும் வழியை அடைக்கும்.

மூடிய ஷெட்டில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது

கன்வர்ட்டர் இல்லாத ரோட்டரியின் புகை கண்ணை எரிக்கும், தலையைச் சுற்றும். எரிச்சலாவது தெரியும், கார்பன் மோனாக்சைடு தெரியாது. கதவைத் திறந்து வைத்தால் போதாது, வண்டியை வெளியே தள்ளுங்கள்.

கழற்றியதை விற்பது

உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழைய இரும்புக்காரர் ஆசையாகக் கேட்பார். பத்திரமாக வையுங்கள், வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரும் நாளில் தேடுவீர்கள். அந்தப் பையனுக்கு டவுன்பைப் மட்டும் மாட்டி அனுப்பினேன். அவனுடைய சின்னக் கன்வர்ட்டரும் நேர்க்குழாயும் சாக்பீஸில் பெயர் எழுதி என் மேல்தட்டில் இருக்கின்றன. பூஸ்ட் கன்ட்ரோலர் பெட்டியை மட்டும் கோபத்தோடு திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.