நெல்லிக்கனியும் நெல்லி மையும்: ஒரு புறப்பாட்டை அறிவியலோடும் ஓவியத்தோடும் கற்பிக்கும் முறை

தருமபுரியின் பழைய பெயர் தகடூர் என்பதும், அதனை ஆண்ட அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்தான் என்பதும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வரும் முன்னரே தெரிந்த செய்திகள். அதனாலேயே அந்தப் பாடம் வகுப்பில் சுவையற்றுப் போகிறது. கதையைச் சொல்லிவிட்டு, நெல்லிக்காய்ப் படத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டச் சொல்வதை நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். அதில் அறிவியலும் இல்லை, ஓவியமும் இல்லை. இப்போது நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே. பாட்டின் ஒரு சொல்லிலிருந்துதான் செய்முறை பிறக்க வேண்டும். செய்து முடித்த பிள்ளை அந்தச் சொல்லுக்கே திரும்பி வர வேண்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு முழுவதும் தேவையில்லை. "சிறியிலை நெல்லித் தீங்கனி குறியாது, ஆதல் நின்னகத்து அடக்கிச், சாதல் நீங்க, எமக்கு ஈந்தனையே" என்னும் பகுதியைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு மூன்று முறை உரக்கப் படிக்கச் செய்தால் போதும். பின்னர் ஒரு நெல்லிக் கொத்தை நடுவில் வைத்து, இதில் இலை எது என்று கேளுங்கள். முழுக் கொத்தையும் ஓர் இலை என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். புளிய இலையில் அது சரி. நெல்லியிலோ, மெல்லிய குச்சியின் இருபுறமும் நெருங்கியிருக்கும் ஒவ்வொரு துணுக்கும் தனி இலை. கொத்தைத் தாளுக்கு அடியில் வைத்து மெழுகு வண்ணக்குச்சியால் தேய்த்துப் படமெடுக்கும்போது 'சிறியிலை' என்ற அடை வெறும் அலங்காரமன்று என்பது விளங்கிவிடும்.

அடுத்த சொல் 'தீங்கனி'. புளிக்கும் காயை இனிய கனி என்று பாடியது ஏன் என்று எவரேனும் ஒரு பிள்ளை கேட்கும். கேட்கும்வரை காத்திருங்கள், நீங்களே கேட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்து அதன் சுவையை எழுதச் சொல்லுங்கள். பின்னர் நெல்லிக்காயை மென்று விழுங்கியபின் அதே குவளைத் தண்ணீரைக் குடித்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் மாறவில்லை, நாக்குதான் மாறியது என்ற முடிவுக்குப் பிள்ளைகள் தாமாகவே வர, இரண்டு குறிப்புகளும் ஒரே தாளில் இருக்க வேண்டும். உரையாசிரியர் கூறும் பொருள் எதுவாயினும், 'தீங்கனி' என்ற சொல்லை வாயால் சோதித்த பிள்ளை அதனை மறப்பதில்லை.

இனி மை. பச்சைக்காயில் நிறம் சரியாக ஏறாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நெல்லிமுள்ளியே, அதாவது உலர்த்திய நெல்லிக்காயே, ஏற்றது. ஒரு கைப்பிடி நெல்லிமுள்ளியை இரண்டு குவளை நீரில் இட்டுப் பாதியாகச் சுண்டும்வரை ஆசிரியரே காய்ச்சி, ஆறவைத்து வடிகட்ட வேண்டும். அதனை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்த இரும்பு ஆணிகள் பத்தினைப் போடுங்கள். மூன்றாவது கிண்ணத்தில் வெறும் தண்ணீரும் ஆணிகளும் இருக்கட்டும். எவர்சில்வர் பொருளோ துத்தநாகம் பூசிய ஆணியோ இதற்கு உதவாது. எந்தக் கிண்ணம் கறுக்கும் என்பதை மூடி வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையும் எழுதிவிட வேண்டும். மறுநாள் பார்த்தபின் ஊகம் எழுதுவதில் பொருளில்லை. நெல்லியின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு சேர்ந்து கருநிறம் தருகிறது. தலைக்குப் பூச மருதாணியையும் நெல்லிப்பொடியையும் இரும்புச் சட்டியில் ஊறவைக்கும் பாட்டி எந்த வீட்டிலாவது இருப்பார். காரணத்தை அவரிடம் கேட்டு வரச் சொல்வது நல்ல வீட்டுப்பாடம்.

நுனியை மென்று நார்நாராக்கிய வேப்பங்குச்சியே தூரிகை. எழுதும்போது வெளிறித் தெரியும் கோடு, காற்றுப் பட்டு உலர உலரக் கறுப்பதைப் பிள்ளைகள் ஓவியம் தீட்டும்போதே கவனிக்கலாம். மையை அகலமாகப் பூசி உலரவிட்டு, எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு அதன்மேல் கோடிழுத்தால் அவ்விடம் மங்கும். பாட்டின் முந்தைய அடியில் வரும் மலைப்பிளவையும் அதில் நிற்கும் நெல்லி மரத்தையும் இவ்வாறு வெளிர்கோடுகளால் வரைந்த ஒரு சிறுமியின் படம் என் வகுப்புச் சுவரில் நெடுநாள் இருந்தது. படத்தின் கீழே பாட்டின் அடிகளை அதே மையால் எழுதச் செய்யுங்கள். 'ஆதல் நின்னகத்து அடக்கி' என்பதை எழுதும்போது, சாவை நீக்கும் என்ற கனியின் பயனை அதியமான் ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற கேள்வியை எழுப்பினால் உரையாடல் நன்றாக அமையும். சொல்லியிருந்தால் ஔவையார் வாங்கியிருப்பாரா என்பதில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

நேரம் இருந்தால் 87ஆம் பாட்டையும் எடுக்கலாம். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அதியமான் என்கிறார் ஔவையார். முப்பது நாளில் 240 தேர் என்று கணக்கிட்டபின், அட்டையில் வெட்டிய சக்கரங்களின் அச்சை நடுவிலும், நடுவிலிருந்து சற்றே விலக்கியும் பொருத்திச் சரிவில் உருட்டினால், அந்த ஒரு மாத உழைப்பு எதற்கு என்பது தெரியும்.

இரண்டு நாளில் மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். மையை எவரும் வாயில் வைக்கக் கூடாது. சீருடையில் பட்ட கறை எளிதில் போகாது என்பதால், பழைய சட்டையை மேலே அணிந்து வரும்படி முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. மிஞ்சிய மையில் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு கிராம்பு போட்டு மூடி வைத்தால் சிறிது காலம் தாங்கும்.