திரைக்குப் பின்னால் நடக்கும் தவறுகள்: காரில் புது ஸ்டீரியோ மாட்டும் முன்

வெள்ளிக்கிழமை மாலை காட்பாடி ரயில் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினேன். ஞாயிறு இரவு திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற டாக்சி ஓட்டுநர் கேபிள் போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "செட் புதிதா சார்?" என்றார். பேட்டரி எத்தனை வருடப் பழையது என்றுகூட அவர் கேட்கவில்லை.

பாதிக் குற்றம் என்னுடையது. சாவியை எடுத்த பிறகும் பாட்டு ஓட வேண்டும் என்று கடைக்காரரிடம் நானே கேட்டிருந்தேன். அவர் யோசிக்காமல் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டார். வெளியில் விற்கும் செட்களில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் வரும் இணைப்பு. கடிகாரம், சேமித்த நிலையங்கள் போன்றவற்றை அது காக்கிறது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறுவது. 'இனி விழித்துக்கொள்' என்று செட்டுக்குச் சொல்வது. இரண்டையும் சேர்த்துவிட்டால் செட்டுக்கு உறக்கமே இல்லை. பட்டனை அழுத்தினால் திரைதான் அணையும். உள்ளே ஆண்ட்ராய்டு விழித்தே இருக்கும். அது ஒரு ஆம்பியர் இழுத்தால் போதும், சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் காலி.

எதிர்த் தவறும் உண்டு. சில ஐரோப்பியக் கார்களின் கப்ளரில், அதாவது வயர்களை மொத்தமாகச் செருகும் பிளக்கில், இந்த இரண்டு இணைப்புகளும் இடம் மாறியிருக்கும். அப்படியே செருகினால், ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். இன்னும் சில புதிய கார்களில் ரேடியோ கப்ளருக்குச் சாவி இணைப்பே வராது. 'விழித்துக்கொள்' என்ற செய்தி டேட்டா வயரில் வரும். அதற்குக் கேன் பாக்ஸ் என்ற சிறு பெட்டி வேண்டும். ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்வதும் பல கார்களில் அதை நம்பித்தான். செட்டின் விலையைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிட வேண்டும்.

நான் பார்த்த தவறுகளில் மிக மோசமானது கம்பெனி கப்ளரை வெட்டி எறிவது. சில நூறு ரூபாய்க்கு அந்தந்தக் காருக்குப் பொருந்தும் கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் காரில், மறுபக்கம் செட்டில் செருகினால் வேலை முடிந்தது. அதை வாங்கிவர அலுத்துக்கொண்டு, பற்களால் வயரை உரித்து முறுக்கி மேலே டேப் சுற்றுவார்கள். வேலூரை வெயிலூர் என்று கேலி செய்கிறோம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கண்ணாடியை ஏற்றிவிட்டு நிழலில்லாத இடத்தில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் டேப்பின் பசை தேன்போல் இளகி வழியும். என் செட்டைக் கழற்றியபோது டேப் தானாகவே பிரிந்து தொங்கியது. செம்பு பளிச்சென்று தெரிந்தது. கையில் ஒட்டிய பசையை மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவினேன். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள் (உலோகக் குழலுக்குள் வயர்களை வைத்து இறுக்கி நசுக்குவது), அல்லது ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு பட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸைப் போட்டால், அடுத்து எரியப்போவது வயர்.

ஸ்பீக்கர் வயர்களிலும் கவனம் வேண்டும். பழங்காலக் கார்களில் ஸ்பீக்கரின் மைனஸை பாடியில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றைய செட்டையும் இணைத்தால் அதன் ஆம்ப்ளிஃபயர் சிப் புகைந்துவிடும். இன்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயரும் செட்டிலிருந்தே வருகின்றன, இரண்டிலும் மின்னழுத்தம் உண்டு. பிளஸ் மைனஸ் மாறினால் எதுவும் எரியாது, ஆனால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். தவில் அடி காணாமல் போகும். எது பிளஸ் என்று தெரியாவிட்டால், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை, செட்டிலிருந்து பிரித்த ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே எழும்பினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ்.

அட்டைப்பெட்டியில் 4×50 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள். வண்டி ஓடும்போது காரில் இருக்கும் 14.4 வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 52 வரும். அந்த எண்ணின் பிறப்பிடம் அதுதான். கரகரப்பு இல்லாமல் கிடைப்பது ஒரு சேனலுக்குச் சுமார் 20 வாட்.

எஃப்.எம். இரைகிறது என்று செட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கூரையில் குட்டையாக நிற்கும் ஆன்டெனாக்களில் பெரும்பாலும் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கு நீல வயர் வழியாக 12 வோல்ட் போக வேண்டும். அந்த வயரை எதிலும் சேர்க்காமல் மடித்து வைத்துவிடுகிறார்கள். இன்னொன்று, செட்டின் அமைப்புகளில் ரேடியோவுக்கான நாடு அமெரிக்கா என்று இருந்தால் அது 0.2 தாவித் தாவித் தேடும், ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டுமே நிற்கும். சென்னைக்குப் போனாலும் எஃப்.எம். ரெயின்போவின் 101.4 சிக்காது.

அளவைப் பொறுத்தவரை, 'டின்' என்பது கார் செட்களின் பொது அளவு; பழைய ஒற்றை டின் செட்டின் முகம் 180 மி.மீ. அகலம், 50 உயரம். இரட்டை டின்னுக்கு உயரம் 100. அதற்கு மேல் போகும் 9, 10 அங்குலத் திரைகளுக்கு அந்தந்தக் காருக்கான ஃப்ரேம் வேண்டும். ஃப்ரேம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், திரை ஏசி காற்று வரும் வழியை மறைக்கிறதா என்றும் பாருங்கள். மே மாதத்தில் நம் ஊரில் ஏசி காற்றைவிட முக்கியமானது எது? ஏலகிரி வளைவுகளில் அவசரத்துக்கு அழுத்தும் நான்கு விளக்கு சுவிட்சும் கைக்கு எட்ட வேண்டும்.

டேஷ்போர்டைப் பிரிக்கும் முன் சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். ஏர்பேக் வயர்களும் மஞ்சள் உறையில்தான் வரும்; கரன்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பை அதில் குத்தவே கூடாது. கழற்றிய கம்பெனி செட்டைக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். காரை விற்கும் நாளில் அது தேவைப்படலாம்.

மைனஸை மீண்டும் மாட்டும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பேட்டரி மைனஸுக்கும் அதன் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, காரைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். அதற்குள் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். மீட்டர் 0.05-க்குக் கீழே காட்ட வேண்டும். வயர்களைப் பிரித்து முறையாக மாட்டிய பிறகு என் காரில் 0.02 காட்டியது. அடுத்த வாரமும் காரைக் காட்பாடியில் விட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.