மயில் குஞ்சு வளர்ப்பு: முதல் எட்டு வாரங்கள்

கோழிக்குஞ்சு வளர்த்த கையோடு மயில் குஞ்சு வளர்க்க வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது தீவனத்தில்தான். கோழிக்குஞ்சு பொரித்த மறுநாளே தானாகக் கொத்தித் தின்னும். மயில் குஞ்சோ தாயின் அலகைப் பார்த்து நிற்கும். தாய் மயில் இரையை அலகில் பிடித்துக் காட்ட, அதிலிருந்து வாங்கித் தின்றுதான் பழகும். தாய் இல்லாத குஞ்சுக்கு அந்த அலகு நாம்தான்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் மயிலைக் காக்கிறது. அங்கே வீட்டில் வளர்க்கவோ முட்டை எடுக்கவோ கூடாது. தனியாகத் தவிக்கும் குஞ்சைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளர்க்கச் சட்டம் இடம் தரும் நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை.

படி 1: பெட்டி

முட்டை பொரிக்க ஏறக்குறைய 28 நாள் ஆகும். அதற்கு முந்தின நாளே பெட்டியைச் சூடேற்றி வையுங்கள். வெப்ப விளக்கைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் தொங்கவிடுங்கள். முதல் வாரம் விளக்கின் அடியில் தரை மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். தெர்மாமீட்டர் அவசியம், ஆனால் குஞ்சையும் பாருங்கள். விளக்கடியில் ஒண்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. தள்ளிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கி, இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்துவிடும். சொரசொரப்பான ரப்பர் விரிப்பு நல்லது. ஒரு வாரம் கழித்து மரச்சீவல் போடலாம். கால் விரிந்துவிட்டால், இயல்பாக நிற்கும் இடைவெளியில் இரண்டு கால்களையும் மெல்லிய ஒட்டுத்துணியால் தளர்வாக இணைத்துக் கட்டுங்கள். முதல் ஓரிரு நாளில் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும், தள்ளிப்போட்டால் கஷ்டம்.

பெட்டிக்கு மேலே வலை வேண்டும். இறக்கை இறகுகள் வெகு சீக்கிரம் வளர்வதால் சில நாட்களிலேயே எம்பிப் பறக்கும்.

படி 2: தீனி பழக்குதல்

வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு முதல் இரண்டு நாள் தாங்கும். அதற்குள் தின்னப் பழக்கிவிட வேண்டும். பொடியாக நறுக்கிய அவித்த முட்டையையோ சிறு புழுவையோ இடுக்கியில் பிடித்துக் குஞ்சின் கண் முன்னே, சற்று மேலே இருந்து அசைத்துக் காட்டுங்கள். அசைவதைத்தான் அது கொத்தும். இரண்டு மூன்று முறை வாங்கியதும் இடுக்கியை மெல்லத் தீவனத் தட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே கொத்த வையுங்கள். பொறுமை வேண்டிய வேலை. ஒரு நாளில் ஐந்தாறு தடவையாவது உட்கார வேண்டியிருக்கும்.

தீவனத்தில் 28 முதல் 30 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். வான்கோழிக் குஞ்சுக்கான தொடக்கத் தீவனம் பொருந்தும். சாதாரணக் கோழித் தீவனம் போதாது. தண்ணீரை ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள், குஞ்சு மூழ்காது.

படி 3: நோய்

தினமும் காலையில் எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்து, குஞ்சு உடலைக் குறுக்கிக்கொண்டு நின்றால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். ஈரத் தரைதான் அதற்கு விளைநிலம். நனைந்த மரச்சீவலை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள்.

கந்தக மஞ்சள் நிறத்தில் எச்சம் வந்தால் இன்னும் அவசரம். அது கருந்தலை நோயின் அறிகுறி. குடலையும் ஈரலையும் தாக்கும் அந்தக் கிருமி, கோழிகளின் குடற்புழு முட்டைகள் வழியாக மண்ணில் தங்கியிருக்கும். மண்புழு அந்த முட்டைகளை விழுங்கியிருந்தால், மண்புழுவைத் தின்ற குஞ்சுக்கும் வரும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மயில் குஞ்சு செத்துவிடும். அதனால் கோழி மேய்ந்த மண்ணில் மயில் குஞ்சை விடவே கூடாது என்பதில் நான் கண்டிப்பு. இந்த இரண்டில் எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். குடற்புழு மருந்தும் அவர் சொல்லும் அளவிலேயே கொடுங்கள். கோழி மருந்துகள் எல்லாமே மயிலுக்கு ஒத்துவராது.

படி 4: வெளியே விடுதல்

ஒரு வாரம் ஆனதும் பெட்டிக்குள் தாழ்வாக ஒரு குச்சி வையுங்கள். உயரத்தில் உறங்குவது மயிலின் இயல்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் உடம்பு முழுக்க இறகு மூடியிருக்கும். அப்புறம் வெயில் காயும் பகல்களில் வலைக் கூண்டுக்கு மாற்றி, மாலையில் உள்ளே கொண்டுவாருங்கள். இரவிலும் வெளியே விடத் தொடங்கும்போது, மழை படாத மூலையில் அந்தப் பழைய விளக்கைச் சில நாள் தொங்கவிடுங்கள். குஞ்சுகள் அதைத் தேடிப் போகாமல் குச்சியிலேயே உறங்கினால் விளக்கை எடுத்துவிடலாம்.