தழும்பில்லாத பிஸ்டுலா: புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கையை அறுக்காமல் கத்தீட்டர் (மெல்லிய குழாய்) வழியாகவே பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகத் தமனிக்கும் சிரைக்கும் இணைப்பு, உண்டாக்கும் எல்லிப்சிஸ், வேவ்லிங்க் ஆகிய இரண்டு கருவிகளுக்கும் அமெரிக்காவில் 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. பெங்களூரில் இதைக் கற்க வரும் இளம் டாக்டர்கள் எங்கள் செட் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். பிஸ்டுலா கையில் பிரஷர் பார்க்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அது வார்டு ஆயாவுக்கே தெரியும்.

பெர்ஃபரேட்டரைப் பார்க்காமல் தேதி கொடுப்பது

இந்த முறையில் தமனியோடு இணைவது வேவ்லிங்க்கில் ஆழத்தில் இருக்கும் சிரை, எல்லிப்சிஸில் பெர்ஃபரேட்டரே. எப்படியானாலும் ஆழத்திலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுவருவது முழங்கை மடிப்பருகே உள்ள பெர்ஃபரேட்டர் சிரைதான். அது இல்லையென்றால் ஆழத்தில் என்ன ஓடினாலும் ஊசி குத்த மேலே எதுவும் கிடைக்காது. டாப்ளர் ஸ்கேனில் 2 மி.மீ.யாவது இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

டயாலிசிஸ் யூனிட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புவது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். புரொசீஜர் பெங்களூரில், ஊசி குத்துவது ஓசூரில். அப்படிப் போன ஒருவரின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தழும்பே காணோமே, நிஜமாவே ஆபரேஷன் பண்ணாங்களாண்ணே?" என்று கேட்டாராம் அங்கிருந்த டெக்னீஷியன். அவரைக் குறை சொல்ல முடியாது. மணிக்கட்டு பிஸ்டுலாவில் ஒரே சிரை கயிறு மாதிரி புடைத்து நிற்கும், தொட்டால் த்ரில் (ரத்தம் ஓடும் அதிர்வு) விரலில் அடிக்கும். இதிலோ ரத்தம் செஃபாலிக், பேசிலிக் என்ற மேல்சிரைகள், ஆழச்சிரை என்று பிரிந்து போவதால் எதுவும் பெரிதாகப் புடைக்காது, த்ரில்லும் மந்தமாகத்தான் இருக்கும். டூர்னிகே (மேல்கையில் இறுக்கும் பட்டை) கட்டாமல் வழக்கம்போல ஆழமாகக் குத்தியதில் ஊசி சிரையின் பின்சுவரையும் துளைத்துவிட்டது. முழங்கை வரை கறுநீலமாக வீங்கி, "பிஸ்டுலா ஃபெயில்" என்று எழுதிக் கழுத்தில் மறுபடி லைன் (டயாலிசிஸ் குழாய்) போட்டு அனுப்பினார்கள். டாப்ளரில் பார்த்தால் பிஸ்டுலா நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது! இத்தனை செலவு செய்த குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் ஊசிக்கு முன் அல்ட்ராசவுண்ட் வைத்து, குத்த வேண்டிய இரண்டு இடங்களையும் தோலில் மார்க்கரால் வரைந்து, ஆழம் எத்தனை மி.மீ., ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பக்கத்திலேயே எழுதி, போட்டோ எடுத்து டெக்னீஷியனுக்கு அனுப்புங்கள். டூர்னிகே கட்டாயம், முதல் சில தடவை மெல்லிய 17 கேஜ் ஊசி போதும். முடிந்தால் முதல் நாள் நேரில் போய் நில்லுங்கள். அப்புறம், நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம், 6 மி.மீ. சிரை அகலம் என்ற பழைய கணக்கை இதில் அப்படியே பிடித்துக்கொண்டு நல்ல கையை ஒதுக்கிவிடாதீர்கள். பிரேக்கியல் தமனியில் நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடினாலே பல இடங்களில் ஊசி குத்த ஆரம்பிக்கிறார்கள்.

சப்கிளேவியன் லைன்

காரை எலும்புக்கு அடியில் உள்ள சிரையில் டயாலிசிஸ் குழாய் போட வேண்டாம். மார்புக்குள் சிரை சுருங்கினால் அந்தப் பக்கக் கையே போச்சு.

விரல் சில்லிடுகிறது என்றால்

அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள், அன்றைக்கே வரச் சொல்லிப் பாருங்கள்.