கோர் பிளக் ஒழுகல்: என் அனுபவம்

நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி படியும். அதனாலோ என்னவோ, ஃப்ரீஸ் பிளக் என்றும் சொல்லப்படும் கோர் பிளக், உறைபனியிலிருந்து புளொக்கை, அதாவது எஞ்சினின் உடலைக், காப்பதற்கென்றே பலர் நம்புகிறார்கள். உண்மையில், புளொக்கை வார்க்கும்போது உள்ளிருக்கும் மணலை வெளியேற்ற விட்ட துளைகளுக்கு அது மூடி. தண்ணீர் உறைந்தால் பிளக் தெறிக்கலாம், தெறிக்காமல் புளொக்கே வெடிக்கவும் செய்யலாம்.

மலைநாட்டில் பிளக்கைத் தின்பது துருதான். எஞ்சினைக் குளிர்விக்கப் பீலித் தண்ணீரை (மலை ஊற்றுத் தண்ணீரை) மட்டும் ஊற்றி ஓட்டினால் பிளக்கின் மெல்லிய இரும்புத் தகடு உள்ளிருந்து அரிக்கும். என் வான் வண்டியில் ஒழுகியதும் அப்படித்தான்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் தண்ணீரை வடித்தேன். பிளக்கின் ஒரு ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்ட, அது குறுக்காகத் திரும்பியது; பிளையரால் இழுத்தேன். உள்ளே விழவிட்டால் எடுப்பது பெரும்பாடு. துளையை எமரித் தாளால் பளபளவெனத் தேய்த்து, விட்டத்தை வேர்னியரால் அளந்து பித்தளைப் பிளக் வாங்கினேன். பித்தளை துருப்பிடிக்காது, கூடுதல் விலை தகும். ஓரத்தில் சீலன்ட் மெல்லப் பூசி, கிண்ணம் போன்ற பிளக்கின் குழிக்குள் சரியாக அமரும் சொக்கட்டை (ஸ்பேனர் தலையை) வைத்து நேராக அடித்தேன். சாய்ந்தால் மறுபடி ஒழுகும். சாய்ந்ததைக் கழற்றிப் புதியதே போடுங்கள்.

பிறகு கூலன்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி ஊற்றி, காற்றை வெளியேற்றி, எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டுப் பிளக்கைச் சுற்றி ஈரம் பார்த்தேன்.