கல்லூரிக் கால்பந்து வீரரின் வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி அணியொன்றில் சேரும் கால்பந்து வீரர் தொடக்கத்திலேயே கேள்விப்படும் எண் 20. டிவிஷன் 1 என்னும் முதல்நிலைப் பிரிவுக் கல்லூரிகளில் ஆட்டப் பருவத்தின்போது பயிற்சியும் ஆட்டமும் சேர்ந்து நாளொன்றுக்கு 4 மணி நேரத்தையும் வாரத்துக்கு 20 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. இந்த எண்ணை நம்பி வாரத்தை வகுத்துக்கொள்வதே முதல் தவறு. மற்றவற்றில் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

விதி எண்ணுகின்ற நேரம் வேறு, வீரர் செலவிடுகின்ற நேரம் வேறு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகவே கணக்கில் ஏறும். வெளியூர்ப் பேருந்துப் பயணம், காயத்துக்கான சிகிச்சை, அணி ஏற்பாடு செய்யும் படிப்பு நேரம், சமூகப் பணி ஆகிய எதுவும் அந்த 20 மணிக்குள் வராது. எனவே, பருவத்தின் முதல் வாரத்தில் எங்கே எவ்வளவு நேரம் போயிற்று என்று அன்றன்றே குறித்து வைத்து, அந்தக் கணக்கைக் கொண்டே மற்ற வாரங்களைத் திட்டமிட வேண்டும். அப்படிச் செய்யாதவர்கள் பற்றாக்குறையைத் தூக்கத்திலிருந்து ஈடுகட்டுகிறார்கள். பாடமும் ஆட்டமும் அதனால் ஒருசேரக் கெடுகின்றன.

பயிற்சி நேரத்தோடு மோதுகிறது என்பதற்காக ஆய்வக வகுப்புகளைத் தொடர்ந்து தள்ளிப்போடுவது இரண்டாவது தவறு. ஆடும் தகுதி தொடர வேண்டுமானால், மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, தேர்ந்தெடுத்த பட்டத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட பட்டமென்றால் அது 48 கிரெடிட். நான்காம் ஆண்டுக்கு 60 விழுக்காடு. பட்டத்தோடு தொடர்பில்லாத எளிய பாடங்கள் இந்தக் கணக்கில் சேராததால், முதன்மைப் பாடத்தைத் தாமதமாக மாற்றுவோர் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும் ஆடும் தகுதியை இழக்க நேரலாம். போட்டிப் பருவம் இலையுதிர் காலத்தில் வருவதால், கடினமான ஆய்வகப் பாடங்களை இயன்றவரை வசந்த கால செமஸ்டருக்கு ஒதுக்குவதே சரியென்று கருதுகிறேன்.

சுமை தாங்காமல் நடுப்பருவத்தில் ஒரு பாடத்தைக் கைவிடும் எண்ணம் வந்தால், முதலில் கல்வி ஆலோசகரைப் பார்க்க வேண்டும். இறுதி செமஸ்டர் தவிர மற்ற செமஸ்டர்களில் பதிவு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால், ஆட்டத்தில் மட்டுமல்ல, பயிற்சியிலும் கலந்துகொள்ள இயலாது. அதேபோல், பயணத்தால் தவறும் வகுப்புகளை முந்தைய நாள் மாலையில் பேராசிரியருக்குத் தெரிவிப்பதும் முறையன்று. ஆட்ட அட்டவணை கைக்கு வந்ததும், செமஸ்டரின் முதல் வாரத்திலேயே அவரை நேரில் கண்டு, தேர்வு நாள் எதுவும் மோதுகிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

சமூகப் பணியில் நேரும் தவறு ஆர்வக் குறைவால் வருவதன்று. பெரும்பாலும் அளவு மீறிய வாக்குறுதியால் வருகிறது. செப்டம்பரில் ஒரு பள்ளிச் சிறுவனுக்கு வாரந்தோறும் கணிதம் சொல்லித் தர ஒப்புக்கொண்டு, அக்டோபரில் அடுத்தடுத்த வெளியூர் ஆட்டங்களால் மூன்று வாரம் போகாமல் இருந்தால், அந்தச் சிறுவனுக்குப் பயணத்தின் காரணம் புரியாது. தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதே புரியும். இதை நான் எல்லாவற்றிலும் கடுமையான தவறாக நினைக்கிறேன். பருவம் நடக்கும்போது, அணியினர் சேர்ந்து செல்லும் ஒருநாள் பணிகள் போதும். ஒருவர் நம் வருகைக்காகக் காத்திருக்கும் பணியை ஆட்டங்கள் குறைந்த ஜனவரிக்குப் பிறகு ஏற்று, எந்த வாரத்தில் வர இயலாது என்பதையும் முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.